கிரிபாஸ் அமைச்சர் சொன்ன ‘சரி’

உங்களில் யாருக்காவது வெளியுறவு அமைச்சகத்தில் முதல் போஸ்டிங்காகப் பசிபிக் தீவுகள் பிரிவு கிடைத்தால் முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். எனக்குக் கிடைத்தபோது கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து விசாரித்தார்கள். வளைகுடா நாடுகளைப் பார்ப்பவனுக்குப் பேரீச்சம்பழமாவது வரும், ஐரோப்பாவைப் பார்ப்பவனுக்கு ஒரு பயணமாவது வரும், உனக்கு என்னம்மா வரும் என்று கேட்டார்கள். எனக்கு என்ன வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்று இப்போது முனிர்காவில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். கீழ் இரண்டு மாடிகளிலும் தேர்வு எழுதி மத்திய அரசு வேலைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள். மாடிப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தி, ஃபைலில் குறிப்பு எப்படி எழுதுவது, மேலே எப்படி அனுப்புவது என்று கேட்கிறார்கள். அதெல்லாம் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும், அதற்கு நான் வேண்டாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் ‘சரி’ என்று சொல்லும்போது அது உண்மையிலேயே சரிதானா என்று கண்டுபிடிக்க எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். நான் அதைக் கற்றுக்கொண்டது கிரிபாஸ் என்ற நாட்டிடம்.

எழுதும்போது கிரிபாட்டி என்று எழுதுவார்கள், சொல்லும்போது கிரிபாஸ். நம் ஆட்கள் மேடையேறி அந்தப் பெயரைக் கடித்துக் குதறும்போது அந்த நாட்டுக்காரர்கள் புன்னகை செய்வார்களே தவிரத் திருத்த மாட்டார்கள். எதிராளியின் முகம் சுண்டுகிற மாதிரி அவர்களால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இதை ஒரு நல்ல குணம் என்று மட்டும் நினைத்துவிட்டுப் போனால் உங்கள் வேலையில் கோட்டை விடுவீர்கள்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு வங்காளி. பொறுப்பை ஒப்படைத்த அன்று அலமாரிச் சாவியைக் கொடுக்காமல் என்னைச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். முதலில் இதைப் பார், அப்புறம் இவர்கள் தங்களை எப்படி ஆண்டுகொள்கிறார்கள் என்று படி, ஃபைலைக் கடைசியில் தொடு என்றார். ஃபைலை முதலில் படிக்கிறவனுக்கு டெல்லிக்கு என்ன வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது கடைசிவரை தெரியாது என்றார். நான் தலையாட்டிவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினேன். மனிதர் மறுநாள்தான் கொடுத்தார்.

வரைபடத்தில் முதலில் எனக்கு நாடே அகப்படவில்லை. நீலத்தின் மேல் யாரோ பேனாவை உதறியதுபோல் புள்ளிகள். நிலத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் நம் டெல்லியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். சுற்றியிருக்கும் அவர்களுடைய கடலைப் பார்த்தாலோ அது இந்தியாவின் நிலத்தைவிடப் பெரியது. பூமத்திய ரேகை நடுவே போகிறது. சர்வதேசத் தேதிக் கோடும் ஒரு காலத்தில் நடுவே போனது. மேற்குத் தீவுகளில் திங்கட்கிழமை ஆபீஸ் திறந்தால் கிழக்குத் தீவுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்துகொண்டிருக்கும். பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு தேதிக் கோட்டையே கிழக்கே தள்ளி வைத்துவிட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் புத்தாண்டு முதலில் பிறப்பது அவர்களுடைய கிழக்குக் கோடித் தீவுகளில்தான். சுண்டைக்காய் நாடு என்று சிரித்தவர்களிடம் இதைச் சொல்லி நான் வாயை அடைத்திருக்கிறேன்.

அந்தத் தீவுகள் பெரும்பாலும் பவளப் பாறைமேல் படிந்த மணல் திட்டுகள். மலை கிடையாது, ஆறு கிடையாது. மணலுக்கு அடியில் மழைத்தண்ணீர் கடல்நீருக்கு மேலே மெல்லிசாகத் தங்கியிருக்கும். கிணறு வெட்டினால் கிடைப்பது அதுதான். மழை பொய்த்தாலும் உப்பு, அலை உள்ளே ஏறினாலும் உப்பு. நான் சொல்லப்போகும் கதை முழுக்க அப்படி ஒரு கிணற்றைப் பற்றியது.

அவர்களுடைய அரசாங்கத்தைப் புரிந்துகொள்ள அவர்கள் ஊர்க் கூடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் சுவரில்லாத பெரிய கூடம் ஒன்று உண்டு. கூரை தாழ்வாக இறங்கியிருக்கும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாய் போட்டு உட்கார அதற்கென்று ஓர் இடம். தென் தீவுகளில் அரசன் என்று ஒருவன் இருந்ததே இல்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பேசி எல்லாரும் ஒத்துக்கொண்டால் அது முடிவு. பிரிட்டிஷ்காரர்கள் போன பிறகு நாடாளுமன்றம் வைத்தார்கள், அதற்கும் அந்தக் கூடத்தின் பெயரையே சூட்டினார்கள். ஜனாதிபதி பதவிக்கு யார் யார் நிற்கலாம் என்று நாடாளுமன்றம் சிலரைப் பொறுக்கி நிறுத்தும், அதில் ஒருவரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே ஆள் கையில் எதையும் விட்டுவிட அவர்களுக்கு மனது வராது.

இன்னொரு வழக்கமும் உண்டு. சொந்தக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே வந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சைக்கிளைக் கேட்டால் சைக்கிளைக் கொடுக்க வேண்டும், மீன்வலையைக் கேட்டால் வலையை. இல்லை என்பது கேட்டவருக்கு அல்ல, மறுத்தவருக்கு அவமானம். கொடுத்தவர் இன்னொரு நாள் வந்து வாங்கியவரிடம் கேட்கலாம், அப்போது அவரும் மறுக்க முடியாது. இதற்கு அவர்கள் மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது, என் நாக்கில்தான் அது சரியாக வராது. நம் டெல்லி இதற்கு நேர் எதிர். இங்கேயும் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ‘தேக்தே ஹைன்’ என்பார்கள், பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கவும் மாட்டார்கள். இந்த இரண்டு வழக்கங்களும் ஒரு சாப்பாட்டு மேஜையில் மோதிக்கொண்டதை நான் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தேன்.

அது ஒரு பிப்ரவரி மாதம். கிரிபாஸிலிருந்து ஓர் அமைச்சரும் அவருடைய செயலாளரும் இரண்டு எம்.பி.க்களும் வந்திருந்தார்கள். அந்த எம்.பி.க்களில் ஒருவர் தென் தீவு ஒன்றைச் சேர்ந்த பெண்மணி. பெயர் தெபோரா. பாளையங்கோட்டையில் எங்கள் சபையிலும் தெபோராள்கள் உண்டு என்பதால் விமான நிலையத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அரசியலுக்கு வருவதற்கு முன்னால் தன் தீவின் மருத்துவ நிலையத்தில் நர்ஸாக இருந்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் சுற்றி வளைக்க மாட்டார்.

எங்கள் பக்கத்தில் ஜாயின்ட் செக்ரட்டரி, எங்கள் பிரிவுக்குத் தலைவர். டெல்லியில் ஜே.எஸ். என்றால் போதும். லக்னோ பக்கத்துக்காரர், கெட்டிக்காரர், யாரையும் பேச்சிலேயே வளைத்துவிடுவார். கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய இயந்திரம் ஒன்றைக் கிரிபாஸின் தலைநகரத் தீவுக்கு இந்தியா பரிசாகத் தர வேண்டும் என்பது அவருடைய யோசனை. நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். வந்தவர்கள் இதைப் பேசித் தெரிந்துகொண்டு ஊருக்குப் போய் முடிவு செய்வதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மார்ச்சுக்குள் முடித்தால்தான் அந்த வருஷத்து நிதி கிடைக்கும் என்று ஜே.எஸ்.ஸுக்கு அவசரம்.

சனிக்கிழமை மதிய விருந்தில் அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அமைச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை போட்டார்.

“நீங்க எனக்கு பாய் சாப், சொந்த அண்ணன் மாதிரி. இந்தத் தம்பிக்காக இந்த ஒண்ணே ஒண்ணைச் செய்யுங்க. திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டு அறிவிச்சிடலாம்.”

டெல்லியில் ஆட்டோக்காரரும் பாய் சாப், வாடகைக்கு வீடு தராதவரும் பாய் சாப். ஜே.எஸ். அதைப் பாதி மனதோடுகூடச் சொல்லியிருக்க மாட்டார், வாயில் வருகிற வார்த்தை. அமைச்சர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். மேஜையைச் சுற்றி எல்லாரும் கை தட்டினார்கள். நான் தெபோராவைப் பார்த்தேன். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார், அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை.

ஜே.எஸ். அண்ணன் என்று உறவு சொல்லி, முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அந்த மனிதர் வேறு என்ன சொல்வார்?

மறுநாள் ஞாயிறு. வந்தவர்களில் மற்றவர்கள் கடைக்குப் போக, தெபோரா ஆராதனைக்குப் போக வேண்டும் என்றார். எங்கள் தமிழ்ச் சபைக்கே கூட்டிப்போனேன். ஒரு வார்த்தை புரியாமல் முழு ஆராதனையும் உட்கார்ந்திருந்தார், பாட்டுகளின் ராகம் மட்டும் சிலது தெரிந்திருந்தது, தன் மொழியில் பாடினார். பிறகு ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். என் கணவர் மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். முறுக்குத் தட்டை நீட்டிவிட்டு, தென் தீவுகளைப் பற்றி அவரிடம் பாடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார் தெபோரா. அங்கேதான் என் மானம் போனது. எங்கள் சமையலறையில் இருந்த ஆர்.ஓ. மெஷின் அந்த வாரம் முழுக்கப் படுத்துக்கிடந்தது. மெக்கானிக்குக்குத் தினமும் போன் செய்தால் தினமும் ஒரே பதில், நாளைக்கு வருகிறேன். கடையில் வாங்கிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். அவர் பாதி டம்ளர் குடித்துவிட்டு மீதியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். முழுக்கக் குடியுங்கள், இன்னும் இருக்கிறது என்றேன். பழக்கம் என்று சிரித்தார். வறட்சிக் காலத்தில் மருத்துவ நிலையத்தில் நோயாளிகள் குடித்த பிறகுதான் நர்ஸ் குடிப்பாராம், அதிலும் பாதிதான்.

பிறகு சமையலறைக்கு வந்து அந்த மெஷினைப் பார்த்தார். இது என்ன செய்யும் என்று கேட்டார். சொன்னேன். நீங்கள் எங்களுக்குக் கொடுக்கப் போவதும் இதுதானா, பெரியதாக, என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்க எவ்வளவு தண்ணீர் வீணாகிறது, கரண்ட் போனால் என்ன ஆகும், உள்ளே இருக்கும் வடிகட்டி எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்றார். பக்கத்துத் தெருவில் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் தன் கிணற்றைப் பற்றிச் சொன்னார். மருத்துவ நிலையத்துக் கிணறு உப்பாகிப் போயிற்றாம். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொடி அலமாரி நிறைய இருக்கிறது, அதைக் கரைக்க நல்ல தண்ணீர் இல்லை. தாய்மார்கள் இளநீரில் கரைக்கலாமா என்று கேட்கிறார்களாம். தலைநகரத் தீவில் மெஷின் வந்தால் அவருடைய தீவுக்கு ஒரு சொட்டு வராது. கப்பல் எப்போது வரும் என்று கப்பல்காரருக்கே தெரியாது. எல்லாத் தீவுகளிலும் ஊர்க் கூடத்துக்குப் பெரிய கூரை இருக்கிறது, ஓலைக்குப் பதில் தகரம் போட்டு மழையை அதில் பிடித்துத் தொட்டியில் சேர்த்தால் போதும் என்பதுதான் அவர்கள் ஊரிலிருந்து பேசிக்கொண்டு வந்த விஷயம். அதைச் சொல்வதற்குள் அமைச்சர் சரி சொல்லிவிட்டார். அவர்மேல் கோபமில்லை என்றார் தெபோரா, அந்த இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“கிரேஸ், நீ எனக்குத் தங்கச்சி. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அதிகாரியை மறுபடியும் கேட்க வை. நாங்கள் இல்லை என்று சொல்லக்கூடிய மாதிரி.”

அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். நீ எங்கள் ஊர்க்காரி இல்லை, நீ மறுக்கலாம் என்றும் சொன்னார். டெல்லியில் இத்தனை வருஷம் இருந்த நாக்கு, பார்க்கலாம் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தது. தங்கச்சி என்று சொன்ன பிறகு எப்படிச் சொல்வது? சரி அக்கா என்றேன்.

கிளம்பும்போது மீதிப் பாதித் தண்ணீரை வாசலில் இருந்த பூந்தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனார்.

கார் போன பிறகு என் கணவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஏட்டி, அடுத்த மாசம் உன் ப்ரமோஷன் கமிட்டி. உனக்கு ரிப்போர்ட் எழுதப் போறவருகிட்டப் போயி, நீங்க வாங்குன ‘சரி’ செல்லாதுன்னு சொல்லப் போறியா?”

“அவங்க கேட்டுட்டாங்கல்லா.”

“இந்த ஊர்ல யாருதான் கேக்கல?”

“தங்கச்சின்னு சொல்லிக் கேட்டாங்க.”

அவர் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பயந்தாரா என்றால் பயந்தார். எனக்கும் பயம்தான். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. வரைபடத்தைப் படித்திருந்தேன், அரசியல் சட்டத்தைப் படித்திருந்தேன், அவர்கள் வரலாற்றையும் படித்திருந்தேன். இவ்வளவும் படித்துவிட்டு வாயைத் திறக்கவில்லை என்றால் அந்த வங்காளி சாவியை என்னிடம் கொடுத்ததே வீண்.

திங்கட்கிழமை காலை ஜே.எஸ். அறைக்குப் போனேன். மேஜையில் மாலை நிகழ்ச்சிக்கான பேனரின் மாதிரி இருந்தது, நீலக் கடல், நடுவே பளபளவென்று இயந்திரம். விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“கிரேஸ் ஜி, அவர் யெஸ் சொல்லிட்டார். பாத் கதம்.”

பேச்சு முடிந்தது என்கிறார். நான் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தேன். என் வேலைக்காலத்தில் அப்படிச் செய்தது அந்த ஒரு முறைதான். அவர்களுடைய வரலாற்றிலிருந்து ஒன்றை மட்டும் சொன்னேன். பனாபா என்று அவர்களிடம் ஒரு தீவு. மண்ணெல்லாம் உரத்துக்கு ஆகும் பாஸ்பேட். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்து அந்தத் தீவின் ராஜா என்று ஒருவரைப் பிடித்து அவரிடம் ஒப்பந்தத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டது. அந்தத் தீவில் எல்லார் நிலத்துக்கும் சேர்த்து ஒப்புதல் தரும் அதிகாரம் எந்த ஒருவருக்கும் இருந்ததில்லை. தீவையே சுரண்டி எடுத்தார்கள். அந்த மக்கள் இன்று பெரும்பாலும் பிஜியில் வேறொரு தீவில் வாழ்கிறார்கள்.

“ஒரே ஒருத்தர்கிட்ட வாங்குற ‘சரி’ன்னா என்னன்னு அவங்க பிள்ளைகளுக்கும் தெரியும் சார். நம்ம மெஷின் மேலயும் அந்தக் கதை ஒட்டிக்கும்.”

ஜே.எஸ். முகம் சிவந்தது. நாம் கொள்ளையடிக்கவா போகிறோம், கொடுக்கத்தானே போகிறோம் என்றார். நியாயமான கேள்வி. கொடுப்பது அவர்களுக்கு உபயோகப்பட வேண்டுமே என்றேன். சரிசெய்ய ஆள் வேண்டும், உதிரிபாகம் வேண்டும், கரண்ட் வேண்டும் என்றேன். அதெல்லாம் ஏற்பாடு செய்யலாம் என்றார்.

“சார், உங்க வீட்டு ஆர்.ஓ. கெட்டுப் போனா மெக்கானிக் எப்ப வர்றாரு?”

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் வீட்டில் அன்றைக்கும் கேன் தண்ணீர்தான் என்று பிறகு தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். இன்னொரு முறை கேளுங்கள் என்றேன். அமைச்சரிடம் மட்டும் அல்ல, நான்கு பேரும் இருக்கும்போது. இந்த மெஷினை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்காதீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நாம் எல்லாரும் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அண்ணன் தம்பி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். மாலையில் டெலிவிஷன்காரர்கள் வருகிறார்கள், நம் மந்திரி வருகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இது சொதப்பினால் உன் யோசனை என்றுதான் எழுதுவேன் என்றார். எழுதுங்கள் சார் என்றேன்.

கேட்டார். நான்கு பேரையும் உட்கார வைத்து நேர்மையாகவே கேட்டார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு நாங்கள் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். நடைவழியில் நின்றோம். டீ வந்தது, ஆறியது, இன்னொரு முறை வந்தது. உள்ளிருந்து குரல் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அவர்கள் ஊர்க் கூடத்தில் அப்படித்தான், ஒருவர் முடித்த பிறகு கொஞ்சம் மௌனம், அப்புறம்தான் அடுத்தவர். ஜே.எஸ். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை நேரம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். நாடாளுமன்றம் நடக்கிறது சார் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தெபோரா தனியாகிப் போய்விட்டாரோ, தலைநகரத்துக்கு மெஷின் வரட்டும் என்று மற்ற மூன்று பேரும் சொல்லிவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் அதுதான் அவர்கள் முடிவு, நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

கதவு திறந்தது. அமைச்சர் வாசலில் நின்றார். பின்னால் மற்ற மூவரும். நேராக ஜே.எஸ்.ஸிடம் வந்து, அதே போல் தோளில் கை வைத்தார்.

“சனிக்கிழமை நீ என்னை அண்ணன் என்று கூப்பிட்டுக் கேட்டாய், நான் சரி என்றேன். இன்று அண்ணன் கேட்கிறேன், தம்பி. மெஷின் வேண்டாம். வெளித்தீவுகளின் ஊர்க் கூடங்களுக்குத் தகரக் கூரையும் மழைத் தொட்டியும் கொடு.”

ஜே.எஸ்.ஸின் உதடு ‘தேக்...’ என்று ஆரம்பித்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. நடைவழியில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம், கிரிபாஸ்காரர்கள் நான்கு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரி,” என்றார்.

மாலையில் பேனர் மாட்டப்படவில்லை. மந்திரி வந்தார், கை குலுக்கினார், நீர் ஆதாரங்களில் ஒத்துழைப்பு என்று பொதுவாக இரண்டு வாக்கியம் படித்தார், டெலிவிஷன்காரர்கள் போய்விட்டார்கள். அந்த வருஷத்து நிதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. மெஷினுக்கு என்று போட்ட திட்டத்தைத் தொட்டிக்கு என்று மாற்ற நிதிப் பிரிவோடு அடுத்த வருஷம் முழுக்க மல்லுக்கட்டினோம். நீங்கள் நம்ப வேண்டும், என்னைவிட அதிகமாக மல்லுக்கட்டியது ஜே.எஸ்.தான். யாராவது இதை ஏன் இப்படி இழுத்துக்கொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டால், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பார். எனக்கு அந்த வருஷம் ப்ரமோஷன் வரவில்லை, அடுத்த வருஷம் வந்தது. அவர் எழுதிய ரிப்போர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் விசாரித்ததில்லை. என் கணவர் விசாரித்திருப்பார், என்னிடம் சொல்லவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். எதிராளி சரி என்றதும் ஃபைலில் எழுதி மூடிவிடாதீர்கள். அந்தச் ‘சரி’யை நாம் எப்படிக் கேட்டு வாங்கினோம், இல்லை என்று சொல்ல அவருக்கு வழி விட்டோமா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வழி விடவில்லை என்றால் மேலதிகாரி அறைக்குப் போங்கள். உட்காரச் சொல்லாவிட்டாலும் உட்காருங்கள். சின்ன நாடு, பெரிய நாடு என்றெல்லாம் இதில் கிடையாது.

புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் தெபோரா என்னிடம் ஒன்று சொன்னார். நான் உன்னிடம் கேட்டேன், நீ கொடுத்தாய், இனி உனக்கு என்னிடம் கேட்கும் உரிமை இருக்கிறது, கேள் என்றார். எனக்கு என்ன கேட்பதென்று தோன்றவில்லை. பிறகு கேட்கிறேன் அக்கா என்றேன். கேட்க மறந்துவிடாதே, அது என் தலைமேல் நிற்கும் என்றார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, முனிர்காவுக்குக் குடி மாறியிருந்த சமயம், போனில் அழைத்தார். அவர்கள் தீவில் இப்போது இணையம் ஓரளவு கிடைக்கிறது, படம் விட்டுவிட்டு வந்தது. ஊர்க் கூடத்தின் தகரக் கூரையைக் காட்டினார், அதிலிருந்து இறங்கி மருத்துவ நிலையம் வரை போகும் குழாயைக் காட்டினார். மருத்துவ நிலையம் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி. கீழே குழாயடியில் ஒரு தாய் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு குவளையில் அந்த உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். தெபோராவுக்குத் தலை நன்றாக நரைத்துவிட்டிருந்தது. தானும் ஒரு டம்ளர் பிடித்து எனக்குத் தூக்கிக் காட்டினார், பாதி குடித்தார், மீதியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

அப்போதுதான் என்ன கேட்பதென்று எனக்குத் தெரிந்தது.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். அந்த மீதியையும் குடிங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களிடம் தன் மொழியில் ஏதோ சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு டம்ளரைப் பார்த்தார், அந்தக் குழந்தையைப் பார்த்தார். உள்ளங்கையை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்க, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டும் வரைக்கும் முழுக்கக் குடித்தார்.